ஊசிக்கு அடங்காத கிருமி

ஏப்ரல் 3, வியாழன்

காலையில் கால்நடை ஆய்வு மையத்தின் கதவைத் திறந்ததுமே அந்த வாடை. பார்வோ நோய் கண்ட நாய்க்குட்டி இரத்தமாகக் கழியும்போது வருகிற வாடை வேறு எதற்கும் வராது. கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். ஒரு பெண் துண்டில் சுற்றிய லாப்ரடார் குட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. பாளையங்கோட்டையிலேயே தையல் கடையாம். பெயர் ஜெபராணி. குட்டியின் பெயர் மிட்டாய்.

"வாங்கின மறுநாளே ஊசி போட்டுட்டேன் டாக்டர். பிறகு எப்படி வரும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

வார்டு டாக்டர் ஷீபா டிரிப் ஏற்றினாள். நான் பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். சிகிச்சை அவளுடைய வேலை. கிருமி எந்த வகை என்று பார்ப்பது என்னுடையது. மத்தியானம் குட்டி செத்துவிட்டது. ஜெபராணி அழவில்லை. "ஊசி போட்டேனே" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.

எங்கே வாங்கியது என்று ஷீபா கேட்டதற்கு, கோவில்பட்டிப் பக்கம் ஒரு பண்ணை என்றாராம். அந்தப் பக்கம் நாய்ப் பண்ணைகள் நிறைய.

அண்ணன் போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்கிறான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அண்ணன் வீடு. மதினி நாட்டுக்கோழிக் குழம்பு வைத்திருந்தாள். "மெலிஞ்சு போயிட்ட வடிவு, அங்க என்னத்தத் திங்க?" என்று அண்ணன் என் இலையில் துண்டு துண்டாக எடுத்து வைத்தான். சென்னையில் இனி என் வீட்டுக்காரரோடு இருக்க முடியாது என்று நான் போன் செய்த அன்று, ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் நாய் ஏற்றுகிற வேனை எடுத்துக்கொண்டு வந்து என்னையும் என் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு வந்தவன். இன்றுவரை அதைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை.

சாப்பிட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் பண்ணையைச் சுற்றிப் பார்த்தேன். சிப்பிப்பாறை பெட்டை ஒன்று சினையாக இருக்கிறது. லாப்ரடார் குட்டிகள் இருந்த கடைசிக் கூண்டு காலி. தரையில் சுண்ணாம்புத் தூள். பினாயில் வாடை தூக்கியது. பினாயில் வாடைதான்.

"குட்டியெல்லாம் எங்க மதினி?"

"எல்லாம் போயிட்டு."

விற்றுப்போய்விட்டது என்று சொல்கிறாள். பினாயிலை விட பிளீச்சிங் கரைசல் நல்லது என்று அண்ணனிடம் சொல்ல வாயெடுத்தேன். எதற்கு? ஆளாளுக்கு ஒரு வழக்கம்.

வரும்போது மதினி ஒரு தூக்குவாளியில் மீதிக் குழம்பைக் கொடுத்துவிட்டாள். பஸ்ஸில் சேலையெல்லாம் சிந்திவிட்டது.

ஏப்ரல் 17, வியாழன்

மரபணு வரிசை முடிவுகள் வந்துவிட்டன. இந்தக் கிருமியின் மேலுறைப் புரதத்தில் 426ஆவது இடத்தில் எந்த அமினோ அமிலம் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் 2ஏ, 2பி, 2சி என்று வகை பிரிப்போம். எங்கள் மையத்துக்கு இதுவரை வந்தவற்றில் பெரும்பாலும் 2ஏ. மிட்டாயின் மாதிரி 2சி. அது மட்டுமல்ல, வேறொரு இடத்திலும் ஒரு மாற்றம். எங்கள் சேகரிப்பில் இதுவரை பார்க்காதது. சங்கரன்கோவில், தூத்துக்குடி, அம்பாசமுத்திரம் என்று வேறு வேறு ஊர்களிலிருந்து வந்த மாதிரிகளிலும் அச்சு அசலாக அதே மாற்றம். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி.

மையத்தின் தலைவர் டாக்டர் அருணகிரி என் தோளுக்கு மேலே குனிந்து திரையைப் பார்த்தார். "எல்லாக் குட்டிக்கும் ஊசி போட்டிருக்கு இல்லையா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

ஏப்ரல் 19, சனி

ஷீபா ஒரு மாவட்டப் படத்தைச் சுவரில் ஒட்டி, குட்டிகள் செத்த ஊர்களில் குண்டூசி குத்திவைத்திருக்கிறாள்.

"இவ்வளவு தள்ளித் தள்ளி இருக்கிற ஊர்ல ஒரே கிருமி எப்படிக்கா வரும்? குட்டிய எங்க வாங்கினாங்கன்னு எல்லார்கிட்டயும் கேட்டா தெரிஞ்சிடப்போகுது. நான் போன் பண்ணட்டுமா?"

"உனக்கு வார்டு வேலையே சரியாயிருக்கு. நான் பேசுறேன்" என்றேன்.

ஏப்ரல் 21, திங்கள்

எல்லோரிடமும் பேசிவிட்டேன். ஷீபாவிடம் "வெவ்வேறு இடம்" என்று சொன்னேன். வெவ்வேறு இடம்தான். ஒருவர் நேரே போய் வாங்கியிருக்கிறார். ஒருவருக்குத் தூத்துக்குடி பஸ் நிலையத்தில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். இன்னொருவர் வீட்டு வாசலுக்கே வேன் வந்திருக்கிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்

தலைவலி. வெள்ளைக் கோட்டைத் துவைத்துக் காயப்போட்டேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

அருணகிரி சார் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். ஊசி போட்டும் செத்திருக்கிறது, புதிய மாற்றம் இருக்கிறது, குட்டிகளுக்குள் வேறு தொடர்பு கிடையாது. அப்படியென்றால் இது தடுப்பூசியை மீறுகிற வகை. "இத நாமதான் முதல்ல சொல்லணும் வடிவு. கட்டுரைல உன் பேரு முன்னால வரட்டும்."

ஷீபா இடையில் புகுந்தாள். "சார், ஜெபராணி மேடம் குட்டிய வாங்கி, மறுநாள் ஊசி போட்டு, அந்த வாரமே பேதி. வாங்கும்போதே கிருமி உள்ள இருந்திருந்தா ஊசி என்ன செய்யும்?"

"எல்லாம் ஒரே இடத்துல வாங்கியிருந்தா அப்படி யோசிக்கலாம்மா. வடிவுதான் விசாரிச்சிட்டாங்களே."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். சாரின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. கிருமிகள் மாறத்தான் செய்கின்றன. மாறுகிற கிருமி தடுப்பூசியை ஏமாற்ற முடியாது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. இன்று முழுவதும் படித்த கட்டுரைகளில், 2சிக்கும் இப்போதுள்ள ஊசி பெரும்பாலும் பாதுகாப்பு தருகிறது என்றுதான் போட்டிருக்கிறது. பெரும்பாலும் என்றால் முழுக்க என்று ஆகாது.

மே 3, சனி

மையத்தில் பத்திரிகையாளர் கூட்டம். காபி, முந்திரி பக்கோடா. சார் கோட்டு போட்டிருந்தார். நான் படங்களைக் காட்டி விளக்கினேன். முடிந்த பிறகு ஒரு நிருபர் என்னிடம் தனியாக வந்தார்.

"அப்ப ஊசி போட்டும் பிரயோசனம் இல்லன்னு எடுத்துக்கலாமா மேடம்?"

"இந்த வகையைப் பொறுத்தவரைக்கும் சந்தேகம்தான்" என்றேன். போட்டோ எடுத்துக்கொண்டார்.

மே 5, திங்கள்

"ஊசிக்கு அடங்காத கிருமி: நாய் வளர்ப்போர் அதிர்ச்சி." அதன் கீழே என் படம். சந்தேகம் என்றுதான் நான் சொன்னேன். பிரயோசனம் இல்லை என்று சொன்னது அந்த நிருபர்.

மே 9, வெள்ளி

செய்தி வாட்ஸப்பில் சுற்றிச் சுற்றி எனக்கே மூன்று குழுக்களில் வந்துவிட்டது. ஒன்றில் என் படத்துக்குக் கீழே "ஊசி கம்பெனிகளின் கொள்ளை" என்று சேர்த்திருந்தார்கள்.

மே 18, ஞாயிறு

அண்ணனைப் பார்க்கப் போனேன். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் போனேன். பண்ணையின் முன்னறையில், அவன் நாற்காலிக்கு மேலே, அந்தச் செய்தியை லேமினேட் செய்து ஒட்டியிருந்தான். நான் கையைத் தூக்கிக்கொண்டு எதையோ விளக்குகிற படம்.

"என் தங்கச்சிதான்னு வாரவுகட்டயெல்லாம் சொல்லுதேன்" என்று சிரித்தான்.

"அண்ணே, மார்ச் மாசம் இங்க குட்டி செத்துச்சா?"

"எந்தப் பண்ணையில சாவல?"

"செத்துக்கிட்டு இருக்கும்போதேயா மிச்சத்த வித்த?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"இங்கனயே வச்சிருந்தா மொத்தமும் செத்திருக்கும் வடிவு. ஆளுக்கு ஒண்ணா பிரிச்சுக் குடுத்தா, அவனவன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுவான். ஒண்ணு ரெண்டாவது பொழைக்கும். நான் ஒத்தையில எத்தனையத் தூக்கிட்டு ஓட?"

"வாங்குனவங்ககிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா யாரு வாங்குவா?" என்றான். பிறகு மேலே கையைக் காட்டினான். "இப்ப என்ன ஆயிப்போச்சு? கிருமியே புதுசு, ஊசிக்கே கேக்காதுன்னு நீயே சொல்லிட்டியே. ரெண்டு பேரு சண்டைக்கு வந்தானுவ. இதத்தான் காட்டுனேன். படிச்சிட்டுப் பேசாமப் போயிட்டானுவ."

சிப்பிப்பாறை குட்டி போட்டிருக்கிறது. கண் திறக்காத குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பால் குடித்துக்கொண்டிருந்தன. மதினி இலை போட்டாள்.

சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

வார்டில் இடமில்லை. டிரிப் ஸ்டாண்டு போதாமல் ஜன்னல் கம்பியில் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். ஷீபா காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஒரு பெரியவர் இரண்டு குட்டிகளைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார். ஊசி போட்டீர்களா என்று கேட்டேன்.

"அது பிரயோசனம் இல்லன்னு பேப்பர்லயே போட்டிருந்தாங்களேம்மா."

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. முகக்கவசம் போட்டிருந்தேன்.

ஜூன் 16, திங்கள்

புதிய மாதிரிகளின் முடிவு. எல்லாம் 2ஏ. பழைய, நன்றாகத் தெரிந்த, ஊசி போட்டிருந்தால் தடுத்திருக்கக்கூடிய 2ஏ. புதிய மாற்றம் ஒன்றில்கூட இல்லை. திரையை மூன்று தடவை பார்த்தேன். கீழே இறங்கி டீ குடித்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தேன்.

ஷீபா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஏப்ரல்ல குட்டி செத்தவங்க எல்லார்கிட்டயும் நேத்து நானே பேசினேன். வாசலுக்கு வந்த வேன்ல ஆவுடையப்பன் கென்னல்ஸ்னு எழுதியிருந்துச்சாம். பஸ் ஸ்டாண்டுல கொண்டுவந்து கொடுத்தவரும் ஆவுடையப்பன்தான். உங்க அண்ணன் பேரு என்ன மேடம்?"

அவள் என்னை எப்போதும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சுவரிலிருந்த மாவட்டப் படத்தைக் கழற்றிச் சுருட்டி எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போய்விட்டாள்.

இத்தனை நாளும் இங்கே எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். போனில் முதலில் பேசியவரே அண்ணன் பெயரைச் சொல்லிவிட்டார். மிச்சப் பேரிடம் நான் எதற்குப் பேசினேன் என்றால், யாராவது ஒருவர் வேறு பெயர் சொல்லிவிடமாட்டாரா என்றுதான்.

ஜூன் 18, புதன்

அருணகிரி சாரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடியும் கழற்றினார்.

"வெவ்வேற இடம்னு நீ சொன்னதாலதானேம்மா நான் அப்படி எழுதினேன்?"

அது சரிதான்.

"மறுத்துச் சொல்லிடுவோம் சார். பேப்பருக்கும், கட்டுரை அனுப்பின இடத்துக்கும்."

"சொல்லிட்டு? இந்த மையத்துக்குள்ள பிறகு யாரு வருவா? கொஞ்ச நாள் போகட்டும். அடுத்த கட்டுரைல 'மேலும் ஆய்வு தேவை'ன்னு சேத்துக்கலாம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க அண்ணனுக்கும் அதுதானே நல்லது?" என்றார்.

என் காரணத்தை அவர் எவ்வளவு சுலபமாகப் பிடித்துவிட்டார். எனக்கே இரண்டு மாதம் ஆயிற்று.

வெளியே வந்தபோது கூடைப் பெரியவர் வாசலில் நின்றிருந்தார். கூடை காலி.

ஜூன் 20, வெள்ளி

பேப்பருக்கும், கட்டுரை அனுப்பிய இடத்துக்கும், கால்நடைத் துறைக்கும் எழுதி அனுப்பிவிட்டேன். அண்ணன் பெயர், பண்ணை இருக்குமிடம், நான் பொய் சொன்னது, எல்லாம். ஊசி வேலை செய்கிறது, குட்டிகள் விற்கும்போதே நோயோடு இருந்தன என்பதை முதல் வரியிலேயே போட்டேன். அனுப்பினால் மனசு லேசாகும் என்று நினைத்திருந்தேன். பசிதான் எடுத்தது. பரோட்டா வாங்கி வந்து தின்றேன்.

ஜூன் 24, செவ்வாய்

மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார் சார். பேப்பரில் மறுப்பு வந்திருக்கிறது. உள்பக்கத்தில், கண்ணீர் அஞ்சலி விளம்பரத்துக்குக் கீழே, தீப்பெட்டி அளவுக்கு. படம் இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

அண்ணன் போனை எடுக்கவில்லை. மதினிதான் எடுத்தாள்.

"ஆபீஸ்லருந்து வந்து பாத்துட்டுப் போனாவ. ஒண்ணும் இல்ல இங்க. உன் சங்கதி காதுக்கு வந்த அன்னைக்கே எல்லாத்தையும் மதுரைக்காரரு ஒருத்தருக்கு ஏத்தி விட்டாச்சு, பால் குடிக்கிற குட்டியோட."

"மதினி, அந்தக் குட்டிகளுக்கும் கிருமி ஒட்டியிருக்கும். அந்த மதுரைக்காரர் நம்பர் இருந்தா..."

"உங்க அண்ணன் ஒரு வார்த்த உன்னத் திட்டல, தெரியுமா? திட்டுனாக்கூட எனக்கு மனசு ஆறும். அந்தக் காலிக் கூண்டுக்கு முன்னால போயி உக்காந்துக்கிடுதாரு. நீ நல்லா இரு. இனிமே இங்க வராத, என்ன?"

நம்பர் கிடைக்கவில்லை. ஷீபாவிடம் சொன்னேன். மதுரையில் தெரிந்த மருத்துவர்களை எல்லாம் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சொல்வதை மட்டும் எழுதிக்கொண்டாள்.

ஜூலை 4, வெள்ளி

ஜெபராணியின் கடைக்குப் போனேன். பள்ளிச் சீருடைகள் மலைபோலக் குவிந்திருந்தன. என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தாமலே ஸ்டூலைக் காட்டினார். பண்ணை என் அண்ணனுடையது என்று சொன்னேன். மிட்டாய் வாங்கும்போதே நோயோடுதான் இருந்தது, நீங்கள் போட்ட ஊசியில் ஒரு தப்பும் இல்லை என்று சொன்னேன்.

அவர் ஒரு காலரைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"அன்னைக்கு நீங்க போன்ல எங்க வாங்கினீங்கன்னு கேட்டீங்க. நான் பேரச் சொன்னேன். சொன்ன பிறகு உங்ககிட்டருந்து சத்தமே இல்ல. லைன் கட்டாயிட்டுன்னு நினைச்சு ஹலோ ஹலோன்னு கத்தினேன்."

"ஆமா."

"அன்னைலருந்து இன்னைக்கு வரைக்கும் நான் என்ன நினைச்சுக்கிட்டு இருந்தேன் தெரியுமா? மருந்துக் கடைல ஊசிய வாங்கி வெயில்ல நடந்தே கொண்டுபோனேன். ஐஸ் வைக்கல. அதனாலதான் மருந்து கெட்டு என் குட்டி செத்துச்சுன்னு. எத்தன நாள் சோறு இறங்கல." மெஷினில் அடுத்த துணியை வைத்தார். "நீங்க ஒரு போன் பண்ணியிருந்தா போதும்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் பெடலை மிதித்தார். அந்தச் சத்தத்தில் நான் சொன்னது கேட்டதோ இல்லையோ தெரியாது.

ஜூலை 13, ஞாயிறு

ஷீபா தன் சொந்தப் பொறுப்பில் தெருத் தெருவாக ஊசி போடுகிறாள். நானும் வரட்டுமா என்று கேட்டிருந்தேன். "ஐஸ் பெட்டிய யாராவது தூக்கணும்" என்றாள். அதுவே பெரிது.

காலை முழுக்க நடந்தும் போட்ட ஊசிகள் கொஞ்சம்தான். பாதி வீடுகளில் கேட்டையே திறக்கவில்லை. ஒரு வீட்டில் வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவர் காலைச் சுற்றிச் சுற்றி ஒரு பழுப்புக் குட்டி, குழாய்த் தண்ணீரைக் கடிக்கப் பாய்ந்துகொண்டிருந்தது.

"ஊசி போட்டாச்சா சார்?" என்று ஷீபா கேட்டாள்.

"அதெல்லாம் வேஸ்டும்மா. பெரிய டாக்டரம்மா ஒருத்தங்க ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்காங்க. பேப்பர்ல வந்துச்சே, பாக்கல?"

ஷீபா என்னைப் பார்க்கவில்லை. கையுறையைச் சரிசெய்துகொண்டாள். நான் ஐஸ் பெட்டியைக் கீழே வைத்தேன்.

"அது நான்தான் சார். நான் சொன்னது பொய். ஊசி வேலை செய்யும். உங்க குட்டிக்கு இன்னைக்கே போடணும்."

அவர் குழாயை மூடினார். கேட்டருகே வந்து என் முகத்தை நன்றாகப் பார்த்தார். குட்டி கம்பி இடுக்கில் மூக்கை நீட்டி என் கட்டைவிரலை நக்கியது.

"அன்னைக்குச் சொன்னது பொய்னா, இன்னைக்குச் சொல்றது மட்டும் நெசமா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டார். பிறகு குட்டியைக் காலால் உள்ளே தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிட்டார்.

ஷீபா அடுத்த வீட்டு மணியை அடித்தாள்.